பழைய பள்ளிக்கூடத்தை என்ன பண்றது? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஊர்ப் பொதுக்கட்டிடங்களைப் பத்தி ரெண்டு வரி எழுதினேன். அதுக்கு வந்த கடிதம், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்துலயும் முக்கால்வாசி பள்ளிக்கூடம் பத்தித்தான். அதனால இந்த வாட்டி மத்த கேள்விங்களை ஓரமா வச்சிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: எங்க ஊர்ல ஜில்லா போர்டு காலத்துப் பள்ளிக்கூடம் ஒண்ணு இருக்கு. சுண்ணாம்புச் சுவரு, சீமை ஓடு. பசங்க புது கான்கிரீட் பில்டிங்குக்குப் போயி வருஷக்கணக்காச்சு, இப்ப இதை இடிக்கப் போறதா பேச்சு. பழைய மாணவர்கள் நாங்க சேர்ந்து மியூசியமாவும் சமுதாயக் கூடமாவும் ஆக்கலாம்னு இருக்கோம். எங்க இருந்து ஆரம்பிக்கிறது சார்? (வாசகர், தூத்துக்குடி மாவட்டம்)

முதல்ல அது யாரோட கட்டிடம்னு பாருங்க. சிரிக்காதீங்க, நிறைய ஊர்ல இது யாருக்கும் தெரியாது. 1958 பஞ்சாயத்து சட்டத்துக்கு அப்புறம் ஜில்லா போர்டே (மாவட்ட அளவுல பள்ளிக்கூடம், ரோடெல்லாம் பார்த்துக்கிட்ட பழைய அமைப்பு) இல்லாமப் போச்சு, ஆரம்பப் பள்ளிங்க ஊராட்சி ஒன்றியத்து கைக்கு வந்துச்சு, ஆனா நிலம் அதுக்கும் முன்னாடி ஊர்ப் பெரியவர் யாரோ வாய்வார்த்தையா குடுத்ததா இருக்கும், இல்லன்னா கோயில் இடமா இருக்கும், இல்ல புறம்போக்குனு கிடக்கும். வி.ஏ.ஓ. கிட்ட போயி அ-பதிவேட்டுல (எந்த நிலம் யாருதுனு இருக்கிற ஊர்க்கணக்கு) அந்த சர்வே நம்பருக்கு நேரா என்ன எழுதியிருக்குனு பார்த்துட்டு வாங்க. அது தெரியாம நன்கொடை வசூல் பண்ண ஆரம்பிச்சா பாதி வேலையில யாராவது பேரன் பத்திரத்தைத் தூக்கிக்கிட்டு வருவான்.

ரெண்டாவது, "இடிக்கப் போறாங்க"ங்கறது டீக்கடைப் பேச்சா, இல்ல என்ஜினியர் கையெழுத்துப் போட்ட பேப்பரா? கட்டிடம் இனி உதவாதுனு கண்டம் பண்ணி பேப்பர் போயிருந்தா பி.டி.ஓ. ஆபீஸ்ல இருக்கும், ஆர்.டி.ஐ. போட்டாவது ஒரு காப்பி வாங்குங்க. பல இடத்துல "ஓடு சரிஞ்சிருக்கு, சுவரு ஈரமா இருக்கு"னு ரெண்டு வரிதான் இருக்கும், அது ரெண்டுமே ரிப்பேர் பண்ணக்கூடிய விஷயம். சுண்ணாம்புக் கட்டிடத்துல வேலை பார்த்து அனுபவம் உள்ள ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து எழுத்துல ரிப்போர்ட் வாங்குங்க (அனுபவம் உள்ளவரை, அதை அழுத்திச் சொல்றேன், கான்கிரீட் மட்டும் பார்த்தவருக்கு சுண்ணாம்புச் சுவரைப் பார்த்தாலே பயம் வரும்). ஆள் தெரியலைன்னா பாரம்பரியக் கட்டிடங்களைப் பாதுகாக்கப் பாடுபடுற இன்டாக் அமைப்புக்கு பல மாவட்டங்கள்ல கிளை இருக்கு, அவங்க கிட்ட கேளுங்க.

மூணாவது கிராம சபை. முன்னாடி வருஷத்துக்கு நாலு தடவை கூடும், இப்ப ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதுல ஒண்ணுல தீர்மானம் போட்டு வச்சுக்கிட்டா கலெக்டர் வரைக்கும் போயி பேசலாம்.

இங்கதான் என் அபிப்ராயம் ஒண்ணு இருக்கு, நிறைய பேருக்குப் பிடிக்காது. தீர்மானத்துல மியூசியம்னு மட்டும் எழுதாதீங்க. திறப்பு விழா அன்னைக்கு ஊரே வரும், அடுத்த மாசம் பத்துப் பேர் வருவாங்க, அப்புறம் ஒருத்தரும் வரமாட்டாங்க, பூட்டு தொங்கும், சாவி யார்கிட்ட இருக்குனே மறந்துடும். பூட்டிக் கிடக்குற கட்டிடத்துல ஒரு ஓடு நகர்ந்தா யாருக்கும் தெரியாது, அந்த ஒத்தை ஓட்டு வழியா மூணு மழை இறங்கினா ஓட்டைத் தாங்குற கைமரம் உளுத்துடும், கரையான் ஏறிடும். இதே ஓடு தினமும் ஆள் உக்காருற இடத்துல நகர்ந்தா அன்னைக்கே ஒருத்தர் "ஏலே, மேல ஒழுகுதுடா"னு கத்துவாரு, முடிஞ்சது விஷயம். அதனால மூணு ரூம் இருந்தா ரெண்டை தினமும் ஆள் வர்ற மாதிரி வச்சுக்குங்க: டி.என்.பி.எஸ்.சி. படிக்கிற பசங்களுக்கு ரீடிங் ரூம், மகளிர் குழு கூட்டம், சாயங்கால டியூஷன், பெருசுங்க பேப்பர் படிக்க ஒரு பெஞ்சு. மியூசியம் ஒரு ரூம் போதும்.

கேள்வி: எங்க பள்ளிக்கூடத்தை சரி பண்ண வந்த கான்ட்ராக்டர், பழைய பூச்சை எல்லாம் கொத்திட்டு சிமெண்ட் பூசி, தரைக்கு டைல்ஸ் போட்டு, மேல ஃபால்ஸ் சீலிங் அடிச்சா ஐம்பது வருஷம் தாங்கும்ங்கிறாரு. செய்யலாமா? (வாசகி, சிவகங்கை மாவட்டம்)

வேண்டவே வேண்டாம்மா. மூணுமே கட்டிடத்துக்கு ஆகாது.

பழைய சுவருக்கு அடியில இப்ப போடுற மாதிரி டேம்ப் ப்ரூஃப் கோர்ஸ் (ஈரம் மேல ஏறாம தடுக்குற அடுக்கு) கிடையாது, மண்ணுல இருக்கிற ஈரத்தை சுவரு கொஞ்சம் கொஞ்சமா மேல இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியில காத்துல விட்டுடும். நீங்க சிமெண்டை அப்பினா ஈரம் உள்ளயே மாட்டிக்கும், கூடவே வந்த உப்பு செங்கல்லுக்கும் பூச்சுக்கும் நடுவுல பூத்துப் பூத்து ரெண்டு மூணு வருஷத்துல பூச்சைப் பொக்கையாத் தள்ளிடும். தட்டிப் பாருங்க, டொக் டொக்னு சத்தம் வரும். பூச்சு மட்டும் போனாப் பரவாயில்ல, கொத்தி எடுக்கிறப்போ செங்கல்லோட முகமும் சேர்ந்து பேந்துக்கிட்டு வரும். தரைக்கு டைல்ஸ் போட்டாலும் இதே கதைதான், தரை வழியா போக வேண்டிய ஈரமும் சுவருல ஏறும். ஃபால்ஸ் சீலிங் போட்டா மேல ஒழுகுறது கண்ணுக்கே தெரியாது, எலிக்கும் வௌவாலுக்கும் வீடு கட்டிக் குடுத்த மாதிரி.

சுண்ணாம்புக்கு சுண்ணாம்புதான். நல்லா நீர்த்த சுண்ணாம்பு ஒரு பங்குக்கு ரெண்டு மூணு பங்கு மணல், கடுக்காயும் வெல்லமும் பல நாள் ஊற வச்ச தண்ணி விட்டு அரைச்ச சாந்து, இதை இன்னும் செய்யத் தெரிஞ்ச கொத்தனாருங்க உங்க செட்டிநாட்டுப் பக்கத்துலயே இருக்காங்க, நீங்க குடுத்து வச்சவங்க. ஆனா அவசரப்படக் கூடாது. சிமெண்ட் மாதிரி உடனே இறுகாது, காத்துல இருக்கிற கரியமில வாயுவை இழுத்து மெதுவாத்தான் கல்லாகும், அது வரைக்கும் ஈரச்சாக்கு போட்டு வெயில்ல காயாம பார்த்துக்கணும். மேல பெயிண்டும் வேண்டாம், வெள்ளை அடிச்சா போதும்.

இதை எல்லாம் விட முக்கியம், பூச்சுல கை வைக்கிறதுக்கு முன்னாடி தண்ணி எங்க இருந்து வருதுனு கண்டுபிடிங்க. மழை நாள்ல குடையோட போயி கட்டிடத்தைச் சுத்தி ஒரு ரவுண்டு வாங்க. பாதி ஊர்ல ரோட்டை ஒவ்வொரு தடவையும் சுரண்டாம மேல மேல போட்டுப் போட்டு பள்ளிக்கூடத்து வாசப்படியை விட ரோடு உசந்து நிக்கும், மழைத் தண்ணி நேரா உள்ள வரும். கைப்பிடிச் சுவருல அரசங்கன்னு முளைச்சிருக்கானு பாருங்க. அதை வெட்டி விட்டா திரும்ப துளிர்க்கும், வேர் போன இடம் வரைக்கும் கல்லைப் பிரிச்சு எடுத்துட்டு சுண்ணாம்பு வச்சு அடைக்கணும். புதுச்சேரியில கடற்கரை ஓரமா இருந்த மேரி கட்டிடம், 1870-கள்ல பிரெஞ்சுக்காரங்க கட்டினது, சரி பண்ணணும் சரி பண்ணணும்னு பேசிக்கிட்டே இருந்தாங்க, 2014 நவம்பர் மழையில பொத்துனு விழுந்துடுச்சு. அப்புறம் உலக வங்கிக் காசுல அதே மாதிரி புதுசா கட்டி 2021ல திறந்தாங்க. அழகாத்தான் இருக்கு. ஆனா அது புதுக் கட்டிடம்.

ஓடு மாத்துறப்போ ஒரு விஷயம். பழைய சீமை ஓட்டைத் திருப்பிப் பாருங்க, கம்பெனி பேரும் ஊரும் அச்சு விழுந்திருக்கும். மங்களூர்ல பேசல் மிஷன்காரங்க 1865ல ஓட்டு ஃபேக்டரி ஆரம்பிச்சாங்க, அப்புறம் அந்தக் கடற்கரை பூரா நிறைய கம்பெனி வந்துச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஓட்டோட ஓடு மாட்டிக்கிற காடி வேற வேற அளவு. ஒரு கம்பெனி ஓட்டு மேல இன்னொரு கம்பெனி ஓடு சரியா உக்காராது, அந்த இடுக்குலதான் ஒழுகும். வீடு இடிக்கிற இடத்துல பழைய ஓடு வாங்குறீங்கன்னா கையில ஒரு ஓட்டைக் கொண்டுபோயி பொருத்திப் பார்த்து வாங்குங்க.

கேள்வி: பசங்களுக்கு கிளாஸ் ரூம் இல்ல, டாய்லெட் இல்ல, நீங்க என்னடான்னா இடிஞ்ச சுவருக்கு வெள்ளை அடிக்கச் சொல்றீங்க. அந்தக் காசை ஸ்மார்ட் கிளாஸுக்குக் குடுக்கலாம்ல? (வாசகர், சேலம்)

நியாயமான கோபம். டாய்லெட் இல்லாத ஸ்கூல்னா முதல் காசு டாய்லெட்டுக்குத்தான், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. 2021 டிசம்பர்ல நெல்லையில ஒரு பள்ளிக்கூடத்துல கழிப்பறை சுவர் இடிஞ்சு மூணு பசங்க செத்துப் போனாங்க, அதுக்கப்புறம் மாநிலம் பூரா ஆபத்தான பள்ளிக் கட்டிடங்களைக் கணக்கெடுத்து இடிச்சாங்க, இடிச்சது சரிதான். பசங்க நடமாடுற வளாகத்துல சந்தேகமான சுவரு ஒண்ணு நின்னா அது எவ்வளவு பழசா இருந்தாலும் முதல்ல வேலி போடணும், பாரம்பரியம் எல்லாம் அப்புறம்.

எனக்கு வருத்தம் என்னன்னா அந்த வேகத்துல முப்பது வருஷம் முன்னாடி மட்டமான மணல்ல கட்டி கம்பி துருப்பிடிச்ச கான்கிரீட் கட்டிடமும், ரெண்டடி தடிமன் சுவரோட நின்ன சுண்ணாம்புக் கட்டிடமும் ஒரே லிஸ்ட்ல போச்சு. பழசுன்னா ஆபத்து, புதுசுன்னா பத்திரம்னு ஒரு நினைப்பு. காசு விஷயத்துக்கும் வழி இருக்கு. நடக்குற அரசுப் பள்ளிக்குக் குடுக்கணும்னா 2022ல ஆரம்பிச்ச 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் இருக்கு, அதுல குடுங்க. பழைய கட்டிடத்தை ஊர்ப் பொதுவுக்கு எடுக்கிறதுன்னா 'நமக்கு நாமே' திட்டத்துல இடம் இருக்கானு ஒன்றியத்துல கேளுங்க, பொதுவா ஊர்க்காரங்க மூணுல ஒரு பங்கு போட்டா மீதியை அரசாங்கம் போடும். ரெண்டும் வேற வேற பை.

கேள்வி: எங்க ஊர்ல கட்டிடம் ரெடி, இன்டர்லாக் கல்லு எல்லாம் போட்டாச்சு. மியூசியத்துல என்ன வைக்கிறதுனுதான் தெரியல. எங்க ஊர்ல ராஜா காலத்துப் பொருள் எதுவும் இல்லயே? (வாசகர், ஈரோடு மாவட்டம்)

ராஜா பொருள் பார்க்க எழும்பூர் மியூசியம் இருக்கு, அங்க போயிக்கலாம். உங்க ஊர்ல இருக்கிறது எழும்பூர்ல இருக்காது, அதை வைங்க.

மணி இருக்கா? நிறைய பள்ளிக்கூடத்துல மணின்னா தண்டவாளத் துண்டுதான், கூடவே அடிக்கிற இரும்புக் கம்பி. அதைப் பழைய இடத்துலயே தொங்க விடுங்க, பசங்க அடிக்கட்டும், கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்காதீங்க. சிலேட்டு, பலப்பம், துணியில ஒட்டின மேப்பு, டிராயிங் மாஸ்டர் வச்சிருந்த பெரிய மரக் காம்பஸ். அப்புறம் மதிய உணவு. 1920லயே சென்னை ஆயிரம் விளக்குல மாநகராட்சிப் பள்ளியில சோறு போட்டாங்க, காமராஜர் காலத்துல அது ஊர் ஊருக்கு வந்துச்சு, 60கள்ல கேர்ங்கிற அமெரிக்க உதவி அமைப்பு மூலமா வெளிநாட்டுப் பால் பவுடரும் மாவும் வந்துச்சு. அறுபது வயசு தாண்டினவங்களைக் கேளுங்க, கேர் உப்புமா வாசனையை இன்னும் சொல்லுவாங்க. அந்த அண்டாவும் கரண்டியும் யார் வீட்டு அட்டத்துலயாவது கிடக்கும்.

முக்கியமா பெஞ்சுங்களையும் பீரோவையும் குனிஞ்சு பாருங்க. 1958ல நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநரா இருந்தப்போ பள்ளிச் சீரமைப்பு மாநாடுனு ஆரம்பிச்சாங்க, முதல்ல கடம்பத்தூர்ல, அப்புறம் ஊர் ஊரா நடந்துச்சு. அரசாங்கத்துக் காசுக்குக் காத்திருக்காம ஊர்க்காரங்களே கடிகாரம், பெஞ்சு, கரும்பலகை, பசங்களுக்குச் சட்டைனு கொண்டுவந்து குடுத்தாங்க. அந்தச் சாமான்ல பெயிண்ட்ல 'உபயம்'னு போட்டு ஒரு பேரும் ஊரும் தேதியும் இருக்கும். பெரிய பணக்காரர் பேரு மட்டும் இருக்காது, சின்ன மளிகைக் கடைக்காரர் பேரும் இருக்கும். மியூசியத்துக்கு இதை விட என்ன வேணும்? பாலிஷ் போடுறேன்னு அந்த எழுத்தைச் சுரண்டிடாதீங்க, தயவுசெஞ்சு.

ரெண்டு எச்சரிக்கை. சேர்க்கைப் பதிவேட்டைக் கேட்டு எச்.எம். கிட்ட சண்டை போடாதீங்க, அது ஸ்கூல்ல நிரந்தரமா இருக்க வேண்டிய ரெக்கார்டு, இன்னைக்கும் பிறந்த தேதி சரி பார்க்க ஆள் வரும். அனுமதி வாங்கி போட்டோ எடுத்துக்கலாம், ஆனா ஜாதி, அப்பா பேரு எல்லாம் அதுல இருக்கும், உயிரோட இருக்கிறவங்க பக்கத்தை சுவத்துல மாட்டக் கூடாது, பொம்பளைப் பிள்ளைங்க எந்த வருஷம் முதல்ல சேர்ந்தாங்க, எந்தத் தெருப் பசங்க எப்ப இருந்து உள்ள வந்தாங்கனு தொகுத்து எழுதி மாட்டுங்க, அது நெஜமான ஊர் வரலாறு. சில ஊர்ல அது கசக்கும். எழுதத்தான் வேணும்.

இன்னொண்ணு, பழைய பேப்பரையும் குரூப் போட்டோவையும் லேமினேஷன் பண்ணிடாதீங்க, செலோ டேப்பும் ஒட்டாதீங்க, அப்புறம் பிரிக்கவே முடியாது. ஸ்கேன் பண்ணி காப்பியை மாட்டிட்டு ஒரிஜினலை வெயிலும் ஈரமும் படாத பீரோவுல வைங்க. போட்டோவுல இருக்கிறவங்க பேரை இப்பவே பெருசுங்க கிட்ட கேட்டு எழுதிக்குங்க.

கேள்வி: இப்படி ஊர்க்காரங்களே பள்ளிக்கூடத்தைக் காப்பாத்தின இடம் எங்கயாவது இருக்கா? (வாசகி, கோயம்புத்தூர்)

இருக்கு, அமெரிக்காவுல. அங்க ஒரு காலத்துல தெற்கு மாநிலங்கள்ல கறுப்பினப் பசங்களுக்குத் தனிப் பள்ளி, அதுவும் பேருக்குத்தான். கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனும், சியர்ஸ் கம்பெனி முதலாளி ஜூலியஸ் ரோசன்வால்டும் சேர்ந்து 1912ல அலபாமாவுல ஆறு சின்ன பள்ளிக்கூடத்துல ஆரம்பிச்சாங்க, 1932க்குள்ள 15 மாநிலத்துல கிட்டத்தட்ட 5,000 பள்ளிக்கூடம் எழும்பிடுச்சு. ரோசன்வால்ட் முழுசா குடுக்கல, ஒரு பங்குதான் குடுத்தாரு, மீதிக்கு உள்ளூர் நிர்வாகமும் ஊர்ஜனமும் போடணும். பருத்திக்காட்டுல கூலி வேலை பார்த்த ஜனங்க காசாவும் மரமாவும் உழைப்பாவும் குடுத்தது, மொத்தக் கணக்குல பார்த்தா ரோசன்வால்ட் நிதி குடுத்ததை விட ஜாஸ்தி.

பிளானும் கெட்டிக்காரத்தனமா போட்டிருந்தாங்க. கரண்ட் கிடையாது, அதனால வரிசையா உயரமான ஜன்னல், வெளிச்சம் கிழக்குல இருந்தும் மேற்குல இருந்தும் வர்ற மாதிரி கட்டிடத்தைத் திருப்பி வச்சாங்க. ரெண்டு கிளாஸுக்கு நடுவுல மடக்குக் கதவு, சாயங்காலம் அதை மடக்கிட்டா ஊர்க்கூட்டம் போடுற ஹால். கட்டினப்பவே பள்ளிக்கூடமும் சமுதாயக் கூடமும் ஒண்ணுதான்.

1954ல உச்ச நீதிமன்றம் தனித்தனிப் பள்ளி செல்லாதுனு தீர்ப்பு சொன்னதுக்கு அப்புறம் படிப்படியா இதெல்லாம் மூடிடுச்சு. 2002ல அழியப்போற இடங்கள் லிஸ்ட்ல இதைச் சேர்த்தாங்க, அப்பதான் பல பேர் தேடவே ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு மிஞ்சினது ஏறக்குறைய 500. பத்துல ஒண்ணு. அந்த மிஞ்சினதுலயும் நிறைய, பக்கத்து சர்ச்சுக்கு ஹாலாவோ ஊர்ப் பொது இடமாவோ ஆள் புழங்கினதால நின்னது. டென்னசியில கெய்ரோனு ஒரு சின்ன ஊர்ல 1920கள்ல கட்டின ஓராசிரியர் பள்ளியை ஊர்க்காரங்களே இப்படிப் பார்த்துக்கிட்டு வர்றாங்க. நான் மேல தூத்துக்குடிக்காரருக்குச் சொன்னது இதை வச்சுத்தான்.

கேள்வி: தொல்லியல் துறை கிட்ட குடுத்துட்டா கவலை இல்லாம இருக்கலாம்ல? (வாசகர், தஞ்சாவூர்)

அவங்க எடுத்துக்கணுமே! மத்திய சட்டப்படி 100 வருஷமாவது ஆகியிருக்கணும், அதோட தேசிய முக்கியத்துவமும் வேணும், ஊர்ப் பள்ளிக்கூடம் அந்த வரிசைக்கு வர்றது கஷ்டம். வந்துட்டா சுத்தி 100 மீட்டருக்குப் புதுக் கட்டிடம் கட்டத் தடை, அதைத் தாண்டி இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டணும். பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுக்க முடியாம உங்களை வாழ்த்துவாரு. உள்ள ரீடிங் ரூம் நடத்துறதும் சுலபம் இல்ல.

கேள்வி: பிரிச்சு எடுத்து வேற இடத்துல கட்ட முடியுமா? ரோடு அகலப்படுத்துறாங்க. (வாசகர், விழுப்புரம்)

முடியும். ஈ.சி.ஆர்.ல முட்டுக்காடு பக்கம் 1996ல திறந்த தட்சிணசித்ரா மியூசியம் போயிப் பாருங்க, செட்டிநாட்டு வீடு, கேரள வீடு எல்லாம் பிரிச்சுக் கொண்டுவந்து நிப்பாட்டினது. மர வேலை, தூண், கதவு, ஓடு நல்லா வரும், செங்கல் சுவரு பெரும்பாலும் புதுசாத்தான் கட்டணும். செலவு இழுக்கும். ரோட்டு அலைன்மெண்ட்டைக் கொஞ்சம் நகர்த்த முடியுமானு முதல்ல கேட்டுப் பாருங்க, மரத்துக்கும் கோயிலுக்கும் நகர்த்துறாங்கல்ல.

கேள்வி: செலவுக்குக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடலாமானு கமிட்டியில சண்டை. (வாசகி, மதுரை மாவட்டம்)

சின்ன விசேஷத்துக்கு விடுங்க, காதுகுத்து, வளைகாப்பு, புத்தக வெளியீடு. பெரிய கல்யாணம் வேண்டாம், சமையல் கண்டிப்பா வெளியில பந்தல் போட்டு, மரக்கூரைக்குக் கீழ கேஸ் அடுப்பு ஆகவே ஆகாது. சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது, சீரியல் லைட் தொங்க விட தனியா கம்பி கட்டிக் குடுத்துடுங்க. வர்ற வாடகையில முதல் பங்கு ஓட்டுக்கு: வருஷா வருஷம் புரட்டாசியில, ஐப்பசி மழைக்கு முன்னாடி, மேல ஏறி நகர்ந்த ஓட்டை அடுக்க ஆள்கூலி. அதுக்குத் தனியா பேங்க் அக்கவுண்ட் போடுங்க, ரெண்டு பேர் கையெழுத்து.

கேள்வி: திறப்பு விழா கல்வெட்டுல யார் பேரு முதல்ல வர்றதுனு முடிவாகாம விழாவே தள்ளிப் போகுது. என்ன பண்ண? (வாசகர், திருநெல்வேலி மாவட்டம்)

ஏற்கெனவே சுவத்துல இருக்கிற அஸ்திவாரக் கல்லைக் கழட்டிடலையே? அதை அப்படியே விடுங்க, ஆயில் பெயிண்ட் அடிச்சிருந்தா மெதுவா எடுங்க, மணல் தாள் போட்டுத் தேய்க்காதீங்க. புதுக் கல்லை கட்டிடத்துல பதிக்காம வெளியில தனியா ஒரு சின்ன மேடை கட்டி நிப்பாட்டுங்க, பேரை எல்லாம் அகர வரிசையில போடுங்க. அதுக்கும் ஒத்து வரலைன்னா கல்லே வேண்டாம், ஒரு நோட்டுல எழுதி ரீடிங் ரூம் மேஜையில வச்சிட்டு நாளைக்கே திறந்துடுங்க.